வயிற்றுக் கதையும் மலையேறிய கடனாளிகளும்



சென்ற வாரம் இதே மைதானத்தில், வேலை நிறுத்தம் செய்திருக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்குப் புத்தி சொல்ல வந்த பெரியவர் ஒருவர், ரோமாபுரிச் சரித்திரத்திலிருந்து ஒரு கதையை எடுத்து வைத்தார். கையும் வாயும் பல்லும் ஒன்றுகூடி, வயிறு மட்டும் உழைக்காமல் உண்கிறதே என்று கோபித்து அதைப் பட்டினி போட, கடைசியில் உடம்பு முழுவதுமே நலிந்து போயிற்றாம். பிரபுக்கள் அனுப்பிய மெனினியஸ் அக்ரிப்பா இந்தக் கதையைச் சொன்னதும், ஊரைவிட்டு வெளியேறியிருந்த ஏழைகள் வெட்கித் தலைகுனிந்து வீடு திரும்பினார்களாம். மன்னனை விரட்டிய பிறகும் ரோமாபுரிக் குடியரசு குலையாமல் நின்றதற்கு அந்தப் பணிவே காரணமாம். கைதட்டியவர்களும் இருந்தார்கள். கதையை அவர் எந்த இடத்தில் நிறுத்தினார் என்பதை நினைக்க நினைக்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. மற்றப் பாதியைச் சொல்லியிருந்தால் அங்கே ஒரு கடனாளி நிற்பான். அவன் முகத்தில் விழிக்கப் பெரியவருக்கு விருப்பமில்லை.

ஆதியிலிருந்தே வருவோம். கி. மு. 509 என்று பரம்பரையாகச் சொல்லப்படும் ஆண்டில், அகங்காரன் என்று பெயரெடுத்த டார்க்வின் மன்னனை ரோமாபுரியார் குடும்பத்தோடு துரத்தினார்கள். இதையெல்லாம் விரித்துரைக்கும் லிவி என்ற சரித்திராசிரியர் ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு பிந்தியவர். ஆகையால் கதையும் சரித்திரமும் கலந்தே வரும். மன்னனுடைய அதிகாரத்தை அவர்கள் அழித்துவிடவில்லை. அதை இரண்டு கான்சல்களின் கையில் கொடுத்து, ஓர் ஆண்டுக்குமேல் வைத்திருக்கலாகாது என்று விதித்து, ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம் என்றும் ஏற்படுத்தினார்கள். முதல் கான்சலான ப்ரூட்டஸ், மன்னனை மீட்டுவரச் சதி செய்த தம் சொந்த மக்களுக்கே மரண தண்டனை விதித்து, அது நிறைவேறுவதைப் பார்த்துக்கொண்டும் இருந்தார். வலேரியஸ் என்ற கான்சல் வீலியா மேட்டின் உச்சியில் வீடு கட்டத் தொடங்கியபோது, ‘மன்னனாகப் பார்க்கிறார்’ என்று ஜனங்கள் முணுமுணுக்கவே, கட்டிய மட்டில் அதை இடித்துவிட்டு, மேட்டின் அடிவாரத்தில் போய்க் குடியிருந்தார். நம் ஊரில் அப்படி முணுமுணுத்தால் என்ன நடக்கும்? வீட்டுக்கு மேல் இன்னும் ஒரு மாடி எழும்பும்!

இவ்வளவும் அழகுதான், பாடப்புத்தகங்களும் இந்த மட்டில் திருப்தியடைந்து அத்தியாயத்தை முடித்துக்கொள்கின்றன. ஆனால் நான் கேட்கிறேன், கடனாளி எங்கே?

கி. மு. 495ஆம் ஆண்டில் ஒருநாள், ரோமாபுரியின் சந்தை மைதானத்துக்கு ஒரு கிழவன் ஓடிவந்தான். அழுக்கேறிய கந்தல், இரத்தமற்று மெலிந்த தேகம், சடைபிடித்த தாடி; ஆயினும் அவன் முன்னாளில் படையில் நூற்றுவர் தலைவனாக இருந்தவன் என்பதைச் சிலர் அடையாளம் கண்டுகொண்டார்கள். மார்பைத் திறந்து போர்க்களத்துத் தழும்புகளைக் காட்டினான். சபைனர்களோடு நடந்த யுத்தத்தில் அவன் சேவித்துக்கொண்டிருக்கையில், விளைந்த பயிர் அழிந்தது, வீடு எரிந்தது, மாடுகளைப் பகைவர் ஓட்டிப்போனார்கள். அந்த நேரம் பார்த்து வரி கேட்டார்கள். வரிக்காகப் பட்ட கடன் வட்டியால் வளர்ந்து, பாட்டனும் தகப்பனும் உழுத நிலத்தை விழுங்கி, மிஞ்சிய சொத்தையும் விழுங்கி, கடைசியில் அவன் தேகத்தையே பற்றிக்கொண்டது. கடன் கொடுத்த பிரபு அவனைக் கொண்டுபோய் அடைத்தது சித்திரவதைச் சிறையில். இதைச் சொல்லிவிட்டுத் திரும்பி நின்று முதுகைக் காட்டினான். சவுக்கடியின் புண் அதில் இன்னும் ஆறவில்லை. மார்பிலிருந்தது பகைவன் போட்ட தழும்பு. முதுகிலிருந்தது சொந்த ஊர்ப் பிரபு போட்டது. மன்னனைத் துரத்திவிட்டோம் என்று பெருமை பேசிய குடியரசு பதினான்கு ஆண்டில் அந்தக் கிழவனுக்குக் கொடுத்த சம்மானம் இதுதான், ஐயா!

அப்பொழுதும் பகைவர் வந்தார்கள். அப்பொழுதும் படைக்கு ஆள் வேண்டியிருந்தது. கடனுக்காகக் குடிமகனை விலங்கிட்டு வைத்துப் படையில் சேரவொட்டாமல் தடுக்கக் கூடாது என்று ஒரு கான்சல் உத்தரவு போட்டார். யுத்தம் முடிந்ததும் மற்றொரு கான்சல் கடனாளிகளைப் பழையபடி பிரபுக்களிடமே ஒப்படைத்தார். மறு ஆண்டு மானியஸ் வலேரியஸ் சர்வாதிகாரியாக வந்து, கடனாளிகளுக்கு வழி செய்யுங்கள் என்று செனட்டைக் கேட்டு, செனட் மறுக்கவே பதவியைத் துறந்து வெளியேறினார். அதன் பிறகுதான் சாமானியர்கள் அனியோ நதியைக் கடந்து, நகரத்துக்கு மூன்று மைல் தொலைவிலிருந்த புனிதமலையில் போய்ப் பாளையமிறங்கினார்கள். கொள்ளையடிக்கவில்லை, கொளுத்தவில்லை; உண்ண வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பகைவன் வந்தால் மதிலில் நிற்க ஆளில்லாத நகரத்திலே பிரபுக்களுக்குத் தூக்கம் போயிற்று. அந்தத் தூக்கமின்மைதான் அக்ரிப்பாவைக் கதை சொல்ல அனுப்பியது.

கதை முடிந்ததும் என்ன நடந்தது? உடன்படிக்கை பேசினார்கள்! சாமானியர்களுக்கென்று ட்ரிப்யூன்கள், அவர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். பிரபு எவனும் அந்தப் பதவிக்கு வரலாகாது. ட்ரிப்யூனின் மேல் கை வைத்தவனைக் கொன்றாலும் பாவமில்லை. கான்சலின் கட்டளைக்கு எதிரே நின்று ‘தடுக்கிறேன்’ என்று சொல்ல ட்ரிப்யூனுக்கு உரிமை பிறந்தது. முறையிட வருகிறவனுக்காக அவன் வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்ற நியமமும் இருந்தது. இத்தனையும் கையில் கிடைத்த பிற்பாடு இறங்கிவந்தவர்களை, வயிற்றுக் கதைக்கு மயங்கி வந்தவர்கள் என்று கூசாமல் ஒருவர் சொல்கிறார்; அதற்குக் கைதட்டலும் கிடைக்கிறது!

இன்னொரு கட்சி இருக்கிறது. ‘குடியரசு என்பது நாலு பேர் நாலு பக்கம் இழுக்கும் தேர், ஆபத்து வந்தால் ரோமாபுரியைப் போல ஒரு சர்வாதிகாரியைக் கூப்பிடு’ என்பது அவர்கள் வேதாந்தம். கூப்பிடுங்கள், ஆறு மாதத்துக்குமேல் இருக்கலாகாது என்ற விதியையும் சேர்த்துக் கூப்பிடுங்கள்! சின்சின்னாட்டஸ் கலப்பையை விட்டு வந்தார், முற்றுகையிலிருந்த படையை மீட்டார், பதினாறாம் நாள் பதவியைத் துறந்து திரும்பிப்போனார். அவர் படத்தை மாட்டிக்கொண்டிருக்கும் இந்த நண்பர்களோ, ஒரு வாசகசாலைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தால்கூட, நாற்காலியோடு சேர்த்துத்தான் தூக்கவேண்டியிருக்கிறது.

மலையிலிருந்து இறங்கியதோடு கடனாளியின் துன்பம் தீர்ந்ததென்றும் எண்ணிவிடாதீர்கள். கி. மு. 451, 450 ஆகிய ஆண்டுகளில் சட்டத்தைப் பன்னிரண்டு பலகைகளில் எழுதி ஊரறிய வைத்தார்கள்; நீதிபதியின் வாயிலிருந்த சட்டம் எல்லாருடைய கண்ணுக்கும் தெரிந்தது, பெரிய காரியம்தான். ஆனால் அந்தப் பலகையிலேயே கடனாளிக்கு எத்தனை ராத்தல் விலங்கு என்பதும் எழுதியிருந்தது: 15 ராத்தல்! முப்பது நாள் தவணை, அதன்பின் விலங்கு, நாளைக்கு ஒரு ராத்தல் மாவு, மூன்று சந்தை நாட்களில் ஊர் முன்னிலையில் நிறுத்தம், அதற்குமேல் டைபர் நதிக்கு அப்பால் அடிமையாக விற்பனை. கி. மு. 445இல் பிரபு வம்சத்தாரும் சாமானியரும் கலப்பு மணம் செய்துகொள்ள உரிமை வந்தது. 367இல் கான்சல் இருவரில் ஒருவர் சாமானியராக இருக்கலாம் என்று சட்டம் வந்தது. கடனாளியோ விலங்கிலேயே இருந்தான். 326இல் தகப்பன் பட்ட கடனுக்காகத் தேகத்தை ஒப்புவித்திருந்த ஓர் இளைஞன், கடன் கொடுத்தவனின் இழிந்த இச்சைக்கு இணங்காததால் சவுக்கடி பட்டு, தெருவுக்கு ஓடிவந்து முதுகைக் காட்டினான். மறுபடியும் ஒரு முதுகு! அன்றுதான், கிழவன் ஓடிவந்து ஏறக்குறைய 170 ஆண்டுகள் சென்ற பிறகு, கடனுக்கு உடைமையே பொறுப்பு, உடம்பு அல்ல என்று செனட் வாசலில் தீர்மானமாயிற்று.

கி. மு. 287ஐ ஒட்டி மறுபடியும் கடன் தொல்லை முற்ற, சாமானியர்கள் டைபர் நதியைத் தாண்டி ஜனிக்குலம் குன்றில் போய் அமர்ந்தார்கள். குவின்டஸ் ஹொர்டென்சியஸ் சர்வாதிகாரியாக நியமிக்கப்பட்டார். வலிய கரம் வேண்டும் என்கிறவர்களே, உங்களுக்காகவே ஒரு சர்வாதிகாரியைக் கொண்டுவந்திருக்கிறேன், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்! அவர் குன்றின்மேல் படையை ஏவவில்லை, கதையும் சொல்லவில்லை. சாமானியர் சபை செய்யும் தீர்மானம் பிரபுக்கள் உள்பட ரோமாபுரிப் பிரஜைகள் அனைவரையும் கட்டுப்படுத்தும் என்று சட்டம் செய்து, அந்தச் சட்டத்தைக் கொடுத்தே அவர்களை ஊருக்கு அழைத்துக்கொண்டார்.