படிக்கட்டில் எழுதிய பரீட்சை

(போத்தனூர் மாலைநேரப் படிப்பகம் ஒன்றில், ஆசிரியர் பயிற்சி மாணவர்களும் தோழர்களும் கூடியிருந்தபோது பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



தொழில்நுட்பம், மத நம்பிக்கை, படைப்பூக்கமுள்ள வகுப்பறை என்று மூணு பெரிய சொல்லைக் கொடுத்துப் பேசச் சொல்லியிருக்கீங்க. நான் வாத்தியார் இல்லை. பகலில் வங்கி எழுத்தர், சாயங்காலம் இங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறவன், ராத்திரியில் கவிதை எழுதுகிறவன். எனக்குத் தெரிந்த இடத்திலிருந்துதான் பேச முடியும். நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே படிக்கட்டில் சந்தித்த சம்பவம் நம்ம கோவை மாவட்டத்திலேயே நடந்திருக்கிறது.

2025 ஏப்ரல். செங்குட்டைப்பாளையத்தில் ஒரு தனியார் பள்ளி. எட்டாம் வகுப்பு தலித் மாணவி. வயதுக்கு வந்து சில நாள்தான் ஆகிறது. பரீட்சை எழுத வந்த பிள்ளையை வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்கார வைத்து எழுத வைத்தார்கள். தாய் போய்ப் பார்த்தார், கையிலிருந்த செல்போனில் படம் பிடித்தார். அந்தப் படம் நாடெல்லாம் போனது. அதற்குப் பிறகுதான் தலைமையாசிரியர் மீது நடவடிக்கை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு எல்லாம். தனியாக உட்கார வைக்கச் சொல்லிக் கேட்டதே தாய்தான் என்றும் ஒரு விளக்கம் வந்தது. கேட்டிருக்கட்டும். தனியாக என்றால் படிக்கட்டா? ஒரு பெஞ்சு, ஒரு மின்விசிறி, ஒரு கதவு, இதெல்லாம் அந்தப் பிள்ளைக்குக் கிடையாதா?

தீட்டு என்கிற நம்பிக்கை அவளை வெளியே உட்கார வைத்தது. அதை உலகத்துக்குக் காட்டியது ஒரு எந்திரம். இதை வைத்து எந்திரம் நம்மை விடுதலை செய்துவிடும் என்று சொல்ல நான் வரவில்லை. எந்திரம் அந்த நேரத்தில் தாயின் கையில் இருந்தது, அவ்வளவுதான். பள்ளிக்கூடங்களில் இப்போது கேமரா மாட்டுகிறார்கள். கேமரா யார் மேசையில் ஓடுகிறதோ அவருக்குத்தான் அது சாட்சி சொல்லும்.

கொங்குக் கிராமத்து டீக்கடைகளை எடுத்துக்கங்க. இரட்டைக் குவளைக்கு எதிராக எத்தனை போராட்டம், எத்தனை வழக்கு! பிறகு பிளாஸ்டிக் டம்ளர் வந்தது. குடித்துவிட்டு வீசி எறிகிற டம்ளர். ஊர்க்காரனுக்குக் கண்ணாடி, நமக்கு பிளாஸ்டிக். கழுவுகிற வேலை கடைக்காரனுக்கு மிச்சம், தீண்டாமை பத்திரமாக இருக்கிறது. சாதிக்குப் புதிய கருவி கிடைத்தால் அது வேண்டாம் என்று சொல்வதே இல்லை. என் தொழிலிலும் இதே கதைதான். பணம் கொடுக்கிற எந்திரம் சாதி கேட்காது என்பார்கள். கேட்காதுதான். அதை எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறவர்கள் மனுசங்கதானே. நம் காலனிக்குள் அந்த எந்திரத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?

2020இல் பள்ளிகளை மூடிவிட்டுப் பாடத்தைத் தொலைக்காட்சியிலும் செல்போனிலும் நடத்தினார்கள். ஒரு வீட்டில் ஒரு போன், அதுவும் அப்பன் வேலைக்குப் போகும்போது கூடவே போய்விடும். பிள்ளைகள் என்ன செய்தார்கள்? பலர் வேலைக்குப் போனார்கள். வகுப்பறை சுவரை எந்திரம் உடைத்துவிட்டது என்று அப்போது கட்டுரை எழுதினவர்கள் உண்டு. சுவர் உடையவில்லைங்க, சேரிக்கு வெளியே நகர்ந்து போய் நின்றது.

இது புதிய சங்கதியும் இல்லை. இரட்டைமலை சீனிவாசன் கோயமுத்தூரில் படித்தவர். 1939இல் வெளிவந்த தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் அந்த நாட்களைச் சொல்லியிருக்கிறார். சுமார் நானூறு மாணவர்கள், பத்துப் பேர் போக மற்றவர்கள் பார்ப்பனர்கள். சாதி தெரிந்துவிடுமே என்று யாரோடும் விளையாடப் போகவில்லை. மணி அடிக்கிறவரை வெளியிலேயே இருந்து படிப்பார். பள்ளி விட்டதும் மற்றவர்கள் பின்தொடராதபடி வேகமாக வீட்டுக்கு நடப்பார். இதுவும் ஒரு படிக்கட்டுதான், அவரே தேடி உட்கார்ந்துகொண்ட படிக்கட்டு. பிறகு நீலகிரியில் வெள்ளைக்காரக் கம்பெனிகளில் கணக்கு எழுதினார். (மேட்டுப்பாளையம் ரயில் 1873இல் வந்துவிட்டது. கணக்கு எழுதுகிறவன் என்பதால் எனக்கு அவர்மேல் கூடுதல் பிரியம்.) 1893 அக்டோபரில் சென்னையில் பத்திரிகை தொடங்கினார். நாலு பக்கம். பெயர் 'பறையன்'. எந்தச் சொல் தெரிந்துவிடக் கூடாது என்று கோயமுத்தூர்த் தெருவில் ஓடினாரோ அந்தச் சொல்லை அச்சில் ஏற்றித் தலைப்பாக்கினார். படைப்பூக்கம் என்று நீங்கள் சொல்வது இதைத்தான் என்றால் எனக்குச் சம்மதம்.

ஏனென்றால் வேறு விதமான படைப்பூக்கமும் உண்டு. கர்னல் ஆல்காட் 1894இலிருந்து சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளிகளை நடத்தினார். அங்கே கிண்டர்கார்ட்டன் முறை: விளையாட்டு, கைவேலை, கண்ணால் பார்த்துக் கற்பது. சேரிப் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் அது பெரிய காரியம், மறுக்க மாட்டேன். ஆனால் ஆரம்பப் படிப்போடு கோடு கிழித்துவிட்டார்கள். கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் கணக்கு, பிழைப்புக்கு ஆகிற வேலை, அவ்வளவு போதும் என்று. முறை புதுசு, அளவு பழசு. இன்றைக்கு வண்ணக் காகிதத்தையும் ஒளித்திரையையும் காட்டி 'மகிழ்ச்சியான கற்றல்' என்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: எந்த வகுப்பு வரைக்கும்?

அயோத்திதாசர் அந்த ஆல்காட்டோடுதான் 1898இல் இலங்கை போய் பௌத்தம் ஏற்றார். அவருக்கு மதம் கும்பிடுகிற இடமாக மட்டும் இருக்கவில்லை. பண்டிகை ஏன் வந்தது, இந்தச் சொல்லுக்கு என்ன மூலம், பறையன் என்று பெயர் வைத்தவன் யார் என்று கேட்டுக்கேட்டுப் போகிற படிப்பாக இருந்தது. அவருடைய சொல்லாராய்ச்சி எல்லாவற்றையும் நான் ஒத்துக்கொள்கிறேன் என்றில்லை, சிலது இழுத்துக் கட்டினது போலத்தான் இருக்கும். ஆனால் கேட்கிற உரிமையை அவர் விடவில்லை. 1907 ஜூன் 19இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. கோலார் தங்கவயல் தொழிலாளிகள் அதற்காகக் காத்திருந்து படித்தார்கள். ஒருத்தர் வாசிக்க நாலு பேர் கேட்டுக் கேள்வி போட்டால் அதுவும் வகுப்பறைதான். காத்தவராயன் என்ற பெயரை விட்டுத் தன் ஆசிரியரின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்ட மாணவர் அவர் என்பதையும் வாத்தியாராகப் போகிற நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

போத்தனூரில் கோயில் இருக்கு, சர்ச் இருக்கு, பள்ளிவாசல் இருக்கு. நம்ம பிள்ளைகள் எல்லாத்திலிருந்தும்தான் வருகிறார்கள். வகுப்பில் சாமியைப் பற்றிப் பேசாதே என்று அவர்களிடம் சொல்லாதீங்க. தீட்டு என்றால் என்ன, அதை யார் சொன்னது, எதற்காகச் சொன்னார்கள் என்று பேச விடுங்கள். வயதுக்கு வருவது பற்றிப் பையன்களும் இருக்கும்போதே பாடம் நடத்துங்கள். சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு கேட்பார்கள்.

இங்கே நாங்கள் ஒரு சின்ன வேலை தொடங்கியிருக்கிறோம். வீட்டில் பேசுகிற சொற்களை, பாடப்புத்தகத்தில் இல்லாத சொற்களை, பிள்ளைகள் எழுதிக்கொண்டு வருகிறார்கள். பாட்டியின் கதையைச் செல்போனில் பதிவுசெய்து கேட்டுக்கேட்டு எழுதுகிறார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அவள் பாட்டி பண்ணையத்தில் கூலி வாங்கிய கணக்கை எழுதி வந்தாள். நான் வங்கியில் பார்க்கிற எந்தப் பேரேட்டையும்விட அது சுத்தமான கணக்கு. எழுத்துப்பிழை இருந்தது. சிவப்பு மை போடாமல் திருப்பிக் கொடுத்து, உரக்க வாசிக்கச் சொன்னேன். வாசிக்கும்போது அவளே திருத்திக்கொண்டாள்.

இதையெல்லாம் நாலு பக்கம் அச்சடிக்கப் போகிறோம். தட்டச்சு செய்யத் தெரிந்தவர்கள் ரெண்டு பேர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாங்க. பெயர் இன்னும் முடிவாகவில்லை, பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.