எல்லா பக்கும் எதிரி இல்ல

என் வேலையில ஒரு பக் கண்ணுல பட்டா, அதை அழிச்சிட்டுதான் சாப்பாடே. அதே பழக்கத்தை நெல்வயல்ல காட்டினா என்ன ஆகும்? அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் ரோட்டுல தவளக்குப்பம் வந்து உள்ளே திரும்பினா அபிஷேகப்பாக்கம். அங்க எங்க பெரியப்பா சம்பா போட்டிருந்தாரு. பயிர் ஒரு இடத்துல வட்டமா காய ஆரம்பிச்சது. கடையில கொடுத்த மருந்தை வாங்கி அடிச்சாரு. பத்து நாள்ல வட்டம் ரெண்டு மடங்காச்சு. "மருந்து அடிச்சப்புறம்தான்டா அதிகமாச்சு"ன்னாரு. அவர் சொன்னது சரிதான்.

வட்டத்துக்குக் காரணம் புகையான். பழுப்பு நிறம், அரிசி அளவுகூட இருக்காது. தண்ணிக்கு மேல, தூர் பக்கத்துல கூட்டமா உட்கார்ந்து சாறு உறிஞ்சும். பயிர் தீய்ஞ்ச மாதிரி ஆயிடும். அதனாலதான் அந்தப் பேரு.

அதே தூர்ல இன்னொண்ணு ஓடும்: மிரிட் நாவாய்ப்பூச்சி. பச்சை உடம்பு, தலையிலயும் தோள்லயும் கறுப்பு, நீளமான உணர்கொம்பு. இதுக்கும் ஊசி மாதிரி வாய்தான். ஆனா இது குத்தி உறிஞ்சுறது புகையானோட முட்டையையும் குஞ்சையும்.

புகையான் முட்டையை இலையுறைக்குள்ள செருகி வைக்கும். மேலாக அடிக்கிற மருந்து அங்க போகாது. வெளியில திரியற மிரிட்டும் சிலந்தியும் செத்துடும். ஒரு வாரத்துல முட்டை பொரியும்போது தின்ன ஆளே இருக்காது. சில மருந்துகள், முக்கியமா செயற்கை பைரித்ராய்டு வகை, புகையானைப் பெருக்கியே விட்டுடும்.

இந்தோனேசியா இதுல பெரிய அடி வாங்கின நாடு. 1986-ல அந்த அரசு நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை பண்ணுச்சு. விளைச்சல் விழுந்துடல.

அப்போ மருந்தே வேண்டாமா? அப்படி இல்ல. முதல்ல குத்தைப் பிரிச்சு, தூரைத் தட்டி எண்ணணும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட கணக்கு: தூருக்கு 1 புகையான் வந்தா நடவடிக்கை, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தா, 2 வரைக்கும் பொறுக்கலாம். அதுக்கு முன்னாடியே யூரியாவைக் குறைக்கணும், தண்ணியை வடிச்சு வடிச்சுக் கட்டணும், நடும்போதே எட்டடிக்கு ஒரு அடி பட்டம் விடணும்.

இந்தத் தடவை பெரியப்பா மருந்து வாங்கறதுக்கு முன்னாடி, வயல்ல குனிஞ்சு எண்ணிட்டு எனக்கு போட்டோ அனுப்பினாரு. அதுல பாதி பச்சைப் பூச்சி.