பயிற்சிக் கூடத்தில் மேசையும் இருக்கையும்

(பயிற்சி அலுவலர்கள் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம், ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாத இடங்களை மகளிர்க்கு ஒதுக்கியது. பல மாநிலங்கள் பின்னர் இதனைப் பாதியாக உயர்த்தின. மன்றத்தில் இடம்பெற்ற மகளிர், பயிற்சிக் கூடத்தில் எங்கே அமர்கின்றனர் என்பது சிறிய வினா அன்று. கடைசி வரிசையில் அமர்ந்தவர் வாய் திறவாமலே ஊர் திரும்புவாரெனில், பயிற்சிக்குச் செலவிட்ட பொருளும் காலமும் வீணாகும்.

9 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பயிற்சிக்கு வருவோர் 30 பேர். ஒருவருக்கு 75 செ.மீ. இடம் இருந்தால் நெருக்கமின்றி எழுத இயலும். ஆகவே 150 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள மேசை இருவருக்குப் போதுமானது; அதை இருவரே தூக்கி நகர்த்தவும் முடியும். நாற்காலிக்கும் நடைவழிக்குமாக 90 செ.மீ. விடவேண்டும்.

வரிசைக்கு மூன்று மேசைகளாக ஐந்து வரிசைகள் போட்டால், 15 மேசைகளில் 30 பேரும் அமரலாம். சட்ட விதிகளை விளக்கும் விரிவுரைக்கு இது ஏற்றது. ஆனால், பின்வரிசையினர் காண்பது முன்னிருப்பவரின் முதுகையே.

'ப' வடிவில் அடிப்பகுதிக்கு மூன்றும் பக்கத்திற்கு நான்குமாக 11 மேசைகள் இட்டால், எல்லோரும் ஒருவரையொருவர் காண்பர். வரவு செலவுத் திட்டத்தை விவாதிக்க இது சிறந்தது. எனினும் 22 பேருக்கே இடமுண்டு. எஞ்சிய எட்டுப் பேரைச் சுவரோரம் அமர்த்தினால், பழைய குறையே மீண்டும் தலைதூக்கும்.

இரண்டிரண்டு மேசைகளை நீளவாட்டில் ஒட்டி, சுற்றிலும் அறுவரை அமர்த்துவது மூன்றாவது முறை. அறையை ஆறு பகுதிகளாகக் கொண்டால் ஐந்தில் குழுக்கள் அமையும்; ஆறாவது பயிற்றுநருக்கும் கரும்பலகைக்கும் உரியது. 10 மேசைகளே போதும். அறுவர் நடுவே பேசத் தயங்குவோர், முப்பதின்மர் முன் பேசத் தயங்குவோரினும் குறைவே. ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தைத் தாமே வரைந்து பழக இம்முறை பெரிதும் துணைபுரியும்.

ஆகவே, அசைக்கவியலாத பெரிய மேசைகளை வாங்கிவிட்டு அவற்றிற்கேற்பப் பாடத்தை வளைப்பது முறையன்று. பாடத்தின் நோக்கத்தை முதலில் வரையறுத்து, அதற்கேற்ப இருக்கையை அமைப்பதே தக்கது. மேசையே இல்லாத சிற்றூரில் ஜமுக்காளம் விரித்து வட்டமாக அமர்ந்தாலும் இந்நோக்கம் நிறைவேறும். சட்டம் தந்த இடம், குரலாக மாறும் முதற்களம் பயிற்சிக் கூடமே ஆகும்.