சி.எஸ்.ஆர். ரசீது எப்.ஐ.ஆர். ஆகாது



கல்வராயன் மலையிலிருந்து ஒருவர் புகார் கொடுக்க இறங்கி வந்தால் அன்றைய கூலி போயிற்று. பேருந்துச் செலவு தனி. "கேஸ் போட்டாச்சு, போங்க" என்று சின்னத் தாள் ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். அது சி.எஸ்.ஆர். ரசீது. மனு வந்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. வழக்கு முதல் தகவல் அறிக்கையில்தான், அதாவது எப்.ஐ.ஆரில்தான் தொடங்குகிறது. வன்கொடுமை வழக்குகள் பலவற்றில் நிவாரணத்தின் முதல் தவணையும் அந்தக் கட்டத்தில்தான் வர வேண்டும். ரசீதோடு வீடு திரும்பியவருக்கு வழக்கும் இல்லை, நிவாரணமும் இல்லை.

எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கொடு என்கிறது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. புகார் கொடுத்தவருக்கு மட்டுமல்ல, பாதிக்கப்பட்டவருக்கும். சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த நிலையத்திலும் பதியலாம். கள்ளக்குறிச்சியில் நடந்ததைக் கரியாலூர் நிலையத்தில் சொல்லலாம். "எங்க லிமிட் இல்ல" என்பது பதிலே அல்ல.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் கறாரானது. வாய்மொழிப் புகாரை எழுதி, படித்துக் காட்டி, அதன்பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். நகலை உடனே தர வேண்டும். இந்தக் கடமைகளை வேண்டுமென்றே செய்யாத, பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத அரசு ஊழியருக்கு 4ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. அதற்குத் துறை விசாரணையின் பரிந்துரை வேண்டும் என்று ஒரு பூட்டும் போட்டிருக்கிறார்கள். தண்டனை ஏன் அரிது என்பது அங்கேயே புரியும். "பி.சி.ஆர். கேஸ் சேரிக்காரங்களுக்குத்தானே?" என்று மலையில் கேட்கிறார்கள். இல்லை. இந்த மலையின் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர். சட்டம் அவர்களுக்கும்தான்.

நகல் கைக்கு வந்ததும் மடித்துப் பையில் வைத்துவிடாதீர்கள். அங்கேயே நின்று படியுங்கள். வன்கொடுமைச் சட்டப் பிரிவு இருக்கிறதா? சாதி சொல்லித் திட்டியது எழுதப்பட்டிருக்கிறதா? எங்கே, யார் முன்னால் திட்டினார்கள் என்பது இருக்கிறதா? 2020இல் உச்ச நீதிமன்றம், நான்கு சுவருக்குள் வெளியார் யாரும் இல்லாதபோது திட்டியது பொதுப்பார்வையில் நடந்ததாகாது என்றது. "டீக்கடை வாசலில்" என்ற இரண்டு சொல் விடுபட்டால் வழக்கே ஆட்டம் காணும். தாமதத்துக்கான காரணம் என்று ஒரு கட்டமும் உண்டு. காலையிலிருந்து நிலையத்தில் காக்க வைத்தார்கள் என்றால் அந்த நேரம் அங்கே வர வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைப்பது அந்தக் கட்டத்தில்தான்.

குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நகல் பெறும் உரிமை உண்டு. 2022 ஜூலை 17 கனியாமூர் கலவரத்துக்குப் பின் நூற்றுக்கணக்கானோர் கைதான மாவட்டம் இது. பிள்ளை மீது என்ன பிரிவு என்று தெரியாமல் எந்தத் தாயும் வாசலில் நிற்க வேண்டியதில்லை. 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, அவர் சார்பில் ஒருவர் கட்டணம் கட்டி விண்ணப்பித்தால் காவல்துறை 24 மணி நேரத்தில் நகல் தர வேண்டும். பாலியல் குற்றம் போன்றவை தவிர்த்து மற்ற எப்.ஐ.ஆர்.களை இணையத்திலும் ஏற்ற வேண்டும். தமிழ்நாடு காவல்துறை தளத்தில் மாவட்டம், நிலையம், ஆண்டு, எண் கொடுத்துத் தேடுங்கள்.

பதியவே மறுத்தால் புகாரை எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் மாஜிஸ்திரேட். நகல் கேட்கும் மனுவுக்குப் பெரிய தமிழ் வேண்டாம்: "இன்ன தேதியில் நான் கொடுத்த புகாரின் மீதான முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாக வழங்கவும்." இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் நிலைய முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.