தனி டம்ளருக்கு யாரும் சிரிக்கல

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். இன்றைக்குக் கவிதை இல்லை. போன வருஷம் சென்னையில் ரெண்டு நாள் ஒரு சிரிப்பு விழாவுக்குப் போய்வந்தேன். அதைப்பத்திப் பேசப்போறேன். பேங்க்கில் லீவு கேட்டபோது 'எதுக்குய்யா?' என்றார் மேனேஜர். 'காமெடி எழுதக் கத்துக்க' என்றேன். அந்த விழா சம்பந்தமாக முதலில் சிரித்தவர் அவர்தான்.

சினிமாவுக்கும் டிவிக்கும் மேடைக்கும் நகைச்சுவை எழுத வர்றவங்களுக்கான விழா அது. பணம் கட்டிச் சேரணும். முதல் நாள் வகுப்பு. ரெண்டாம் நாள் நாம எழுதின காட்சியை நடிகர்கள் மேடையில் வாசித்துக் காட்டுவார்கள். ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் நிறைய. சேரியிலிருந்து வந்தது நானும் இன்னொரு தம்பியும்தான் என்பது மதியச் சாப்பாட்டு வரிசையிலேயே தெரிந்துபோச்சு. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீங்க. நமக்குத் தெரியும்.

வகுப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு விஷயம் உருப்படியாகக் கற்றேன். சிரிப்பு வரவேண்டிய சொல் வாக்கியத்தின் கடைசியில் வரணும், அதுக்குப் பிறகு ஒரு எழுத்துகூட வரக்கூடாது. எழுத்துத் தமிழில் இது கஷ்டம், கடைசியில் வினைச்சொல் வந்து குந்திக்கொள்ளும். 'அவன் தனி டம்ளரை எடுக்கிறான்' என்று எழுதினால் டம்ளர் நடுவிலேயே செத்துப்போகுது. நம்ம சனங்க பேச்சில் 'எடுக்கறாம் பாரு, தனி டம்ளர' என்று தானாகவே திருப்பிப் போட்டுத்தான் வரும். எங்க அம்மாவுக்கு யாரும் கட்டணம் வாங்கிக்கொண்டு இதைச் சொல்லிக் கொடுக்கலை.

தமிழ் சினிமாவில் காமெடி ட்ராக்கைத் தனியாக எழுதிச் சேர்க்கிற வழக்கம் பற்றியும் ஒரு வகுப்பு நடந்தது. 'கரகாட்டக்காரன்' (1989) படத்தின் வாழைப்பழத்தை எல்லாருக்கும் தெரியும். அதை எழுதியவர் ஏ. வீரப்பன் என்பது அந்த அறையில் பாதிப்பேருக்குத் தெரியாது. பிறகு 'எப்பவும் சிரிப்பு வரும் விஷயங்கள்' என்று போர்டில் எழுதிப் போட்டார்கள்: குடிகாரன், திக்குவாய், குண்டு, கருப்பு, பட்டணத்துக்குப் புதுசாக வந்த பட்டிக்காட்டான். அடி யார் மேலே விழுது என்று ஒருத்தரும் கேட்கலை. நானும் கேட்கலை, எழுதிக்கொண்டுதான் இருந்தேன். செந்தில் உதைபடும்போதெல்லாம் பக்கத்து வீட்டு டிவி முன்னாடி விழுந்து விழுந்து சிரித்த பையன்தானே நானும்.

நான் கொடுத்த காட்சியைச் சொல்றேன். 2014இல் ஜன் தன் கணக்கு ஆரம்பித்த சமயம், நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரு கிழவி வருகிறாள். பேங்க் வாசலில் செருப்பைக் கழற்றி, ஓரமாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஏ.சி. குளிருக்கு முந்தானையைப் போர்த்திக்கொண்டு உள்ளே வருகிறாள். நாற்காலியைக் காட்டினால் உட்கார மாட்டேன் என்கிறாள். அதிகாரி கேட்கிறார், 'ஒனக்கு அடையாளம் எதனா இருக்காம்மா?' அவள் சொல்கிறாள், 'அடையாளமா? டீக்கடக்காரன் என்னப் பாத்தவொடனே எடுக்கறான் சாமி, தனி டம்ளர. அவனக் கேளு.'

செருப்பும் நிஜம், பதிலும் நிஜம். அன்றைக்குக் கவுன்டரில் சிரித்தது நான் ஒருத்தன்தான், சத்தம் வராமல்.

மேடையில் அந்த நடிகை நல்லாவே செய்தார். செருப்பைக் கழற்றினதும் அரங்கம் சிரித்தது. கவிழ்த்து வைத்ததும் இன்னும் சிரித்தது. உட்கார மாட்டேன் என்று கூனிக்கொண்டு நின்றதும் கைத்தட்டல். எனக்குப் புல்லரித்தது, பொய் சொல்லலை. நம்ம எழுத்துக்குக் கைத்தட்டல் என்றால் யாருக்குத்தான் இருக்காது? பிறகு டம்ளர் வந்தது. சபை அப்படியே அமுங்கிப்போச்சு. யாரோ இருமினார்கள்.

இறங்கி வந்ததும் வழிகாட்டியாக இருந்தவர் என் தோளில் கைபோட்டு, அன்பாகத்தான், சொன்னார்: 'கிழவி பிரமாதம். செருப்பை இன்னும் நீட்டுங்க. டம்ளரை எடுத்திருங்க, அங்க சிரிப்பு நிக்குது. அது எல்லாருக்குமான ஜோக் இல்லை.'

கழற்றுவதும் கூனுவதும் எல்லாருக்குமானது. கழற்ற வைத்தவனைப் பற்றிப் பேசினால் மட்டும் அது ஒரு பகுதிக்கானதாக ஆகிவிடுகிறது. ஆதிக்க மனம் தன் ரசனைக்குப் பொதுமை என்று பேர் வைத்துக்கொள்வதை நாம் இலக்கியத்தில் பார்த்திருக்கிறோம். சிரிப்பிலும் அதே பட்டா அதே பேருக்குத்தான். ஆனால் தப்பு அவர் பக்கம் மட்டும்தானா? கிழவியின் கூனலுக்கு அத்தனை வரி எழுதினவன் நான். அதிகாரிக்கு ஒரே வரி. அவன் முகம் எப்படி இருந்தது என்றுகூட எழுதலை.

டீ குடிக்கும்போது அந்தத் தம்பி டேவ் சப்பலைப் பற்றிச் சொன்னான். அமெரிக்கக் கறுப்பு நகைச்சுவைக்காரர். 2005இல், கோடிக்கணக்கான டாலர் ஒப்பந்தத்தில் தன் பேரிலேயே நடந்த டிவி நிகழ்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டுத் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டார். கறுப்பர்களைப் பற்றிய ஒரு காட்சியின் படப்பிடிப்பில் ஒரு வெள்ளைக்காரர் சிரித்த சிரிப்பு அவருக்கு உறுத்தியிருக்கிறது. நம்மோடு சிரிக்கிறானா, நம்மைப் பார்த்துச் சிரிக்கிறானா என்கிற சந்தேகம். அவரால் ஒப்பந்தத்தை விட்டுப் போக முடிந்தது. நான் விடுவதற்கு என்ன இருக்கு? பங்கேற்புச் சான்றிதழ் ஒண்ணு.

ஊருக்கு வந்து, திண்ணையில் அம்மாவிடமும் தெருப் பொம்பளைகளிடமும் அதே காட்சியைச் சொன்னேன். செருப்புக்கு ஒருத்தரும் சிரிக்கலை. 'ஆமா, உட்டுட்டுத்தான் போவணும்' என்றாள் சின்னம்மா. டம்ளருக்குத் திண்ணையே ஆடிப்போச்சு. எங்க அம்மா மட்டும் சிரிப்பு அடங்கினதும் கேட்டாள்: 'வெளிய வரச்சொல்லோ செருப்பு இருந்துச்சா?' இந்தக் கேள்வி அந்த ரெண்டு நாளில் ஒருத்தருக்கும் தோணலை.

எங்க திண்டிவனம் பக்கம் நம்ம சனங்க ஆடுகிற கூத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ராஜா கிரீடம் கட்டி வந்து திரைக்குப் பின்னால் நிற்பான். அவன் நேராகச் சபைக்கு வந்துவிட முடியாது. கட்டியங்காரன் கேட்பான், 'யாருய்யா நீ? எந்த ஊரு? இங்க இன்னா வேல?' ராஜா தன் பேரையும் குலத்தையும் தானே பாடிச் சொல்லணும். அதுக்கும் நக்கல் பண்ணுவான் கட்டியங்காரன். அடையாளச் சான்று கேட்கிற வேலை விடியவிடிய அவனுடையது.

இப்போது காட்சியைத் திருப்பி எழுதியிருக்கிறேன். கிழவி செருப்போடு உள்ளே வருகிறாள். 'அடையாளம் இருக்கா?' என்று அதிகாரி கேட்டதும், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, 'மொதல்ல நீ யாருன்னு சொல்லு' என்கிறாள். அவர் பேரைச் சொல்கிறார். 'அது இல்ல, மேல சொல்லு' என்கிறாள். இன்னும் சரியாக வரலை. செருப்போடு உள்ளே வந்த கிழவி நான் பார்த்தவள் இல்லை, நான் செய்தவள். அது காட்சியில் தெரிகிறது. பழைய வடிவத்தைத்தான் உங்களிடம் சொன்னேன். சொல்லும்போது உங்க முகங்களையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பின்னாடி சுவரோரம் நிற்கிற பிள்ளைகள் டம்ளருக்குச் சிரித்தீர்கள். முன்வரிசையில் ரெண்டு மூணு தோழர்கள் செருப்புக்கே சிரித்துவிட்டீர்கள்.