காற்று குடியிருக்கும் வீடு



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களில் புதுமனை மந்திரிப்புக்குச் செல்லும்போதெல்லாம், பட்டப்பகலிலும் விளக்குப் போட்டே நாம் செபம் வாசிக்க வேண்டியிருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். அரை கிரவுண்டு மனை, வங்கிக் கடன், பிள்ளைகளின் படிப்புச் செலவு. உங்கள் சிரமம் நாம் அறியாததல்ல. ஆயினும் காலமெல்லாம் கடன் அடைத்து எழுப்பும் வீடு, நோயை வரவழைக்கும் வீடாகலாமா?

காற்றும் வெயிலும் நுழையாத அறையில் காசநோய்க் கிருமி எளிதில் பரவுகிறது. ஈரச் சுவரில் படரும் பூஞ்சை ஆஸ்துமாவைத் தூண்டுகிறது. மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டால் சித்திரை வெயிலில் அறை அடுப்பாகிறது. அந்தத் தகட்டை அறுக்கும்போதும் துளையிடும்போதும் எழும் தூசு புற்றுநோயை உண்டாக்க வல்லது. வயதான தாய் தந்தையரைப் பல வீடுகளில் அந்த அறையில்தானே குடிவைக்கிறோம்!

நல்ல வீடு பணக்காரருக்கே உரியது என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் பிறந்து 1945-இல் இந்தியாவுக்கு வந்து, தொழுநோயாளருக்கான கட்டடப் பணியில் ஈடுபட்டவர் லாரி பேக்கர். திருவனந்தபுரம் பேராயர் பெனடிக்ட் மார் கிரகோரியோஸ் ஏழைகளுக்கு வீடு கட்டித்தர அவரைத்தான் நாடினார். பேக்கர் செங்கற்களை விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினார். செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாயிற்று. வெப்பமும் உள்ளே இறங்கவில்லை. காங்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் ஓடுகளைப் பதித்துச் சிமெண்டைக் குறைத்தார். செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கி, சுவரையே ஜன்னலாக்கினார். 2007-இல் அவர் மறைந்தார்; வீடுகள் இன்றும் பேசுகின்றன.

நம் ஊருக்கு ஏற்றது எது? கோடைப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கேயிருந்து தாமதமாகவேனும் நம்மிடம் வருகிறது. அது நுழையக் கிழக்கிலும் தெற்கிலும் ஜன்னல் வையுங்கள். வெளியேற எதிர்ச்சுவரில் வழி விடுங்கள். இடமிருந்தால் மேற்கே ஒரு வேம்போ புங்கமோ நடுங்கள். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். தமிழகமெங்கும் 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பு பெயரளவில் நின்றுவிடாமல், ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன் அதைச் சுத்தம் செய்யுங்கள். ஏரி வாய்க்காலை அடைத்துக் கட்டும் வீடு அயலானின் வீட்டையும் மூழ்கடிக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தை யார் மறப்பார்?

இனிக் கட்டப்போகிறவர்கள் மேஸ்திரியிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: "காற்று எந்த வழியாய் வந்து எந்த வழியாய்ப் போகும்?" கட்டி முடித்தவர்களும் கவலைப்பட வேண்டாம். ஜன்னலை மறைத்து நிற்கும் பீரோவை இந்த வாரமே நகர்த்துங்கள். தகட்டுக் கூரையின் கீழ் வாடும் பெற்றோரைக் கோடைக்கு முன் கீழ்த்தளத்துக்கு அழைத்து வாருங்கள். நம் பங்கின் ஒவ்வொரு குடும்பமும் செய்யத்தக்க நற்செயல் இது.