கழுத்து நெறியும் காலக் கணக்கும்

கழுத்தின் பின்புறத்திலோ பக்கவாட்டிலோ புளியங்கொட்டை அளவில் ஒரு வீக்கம் தட்டுப்பட்டு, அது வலிக்காமலும் பழுக்காமலும், வாரங்கள் பல கடந்தும் கரையாமலும் இருக்குமானால், 'நெறி கட்டியிருக்கிறது, தானே போய்விடும்' என்று முதலில் தேற்றிக்கொண்ட மனம், நாளடைவில் க்ஷயரோகத்தையும் புற்றுநோயையும் எண்ணிக் கலங்கத் தொடங்கிவிடுகிறது. அந்தக் கலக்கம் அர்த்தமற்றதன்று. நம் நாட்டில் நீடித்த கழுத்து நெறிக்கு க்ஷயம் ஒரு பிரதான காரணம். ஆனால் அதிகம் பேசப்படாத வேறொரு காரணமும் உண்டு. அதுவே டாக்சோபிளாஸ்மா என்னும் ஓரணு ஒட்டுண்ணி.

1908ஆம் ஆண்டில் துனிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில், வட ஆப்பிரிக்கக் கொறிப்பிராணி ஒன்றின் உடலில், சார்லஸ் நிக்கோலும் லூயி மான்சோவும் இதைக் கண்டார்கள். சரியாக வேகாத இறைச்சியின் மூலமாகவும், பூனையின் மலம் கலந்த மண், நீர், கழுவாத காய்கறி ஆகியவற்றின் மூலமாகவும் இது மனிதரைச் சேருகிறது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் எதையும் உணர்வதில்லை. உணர்பவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் குறி கழுத்து நெறியே. இந்தச் சம்பந்தத்தை 1950களின் தொடக்கத்தில் தெளிவுபடுத்தியவர்களுள் கோபன்ஹேகனைச் சேர்ந்த சீம் என்பவர் முக்கியமானவர்.

அவருக்குக் கைகொடுத்தது, போலியோ சொட்டு மருந்தால் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஆல்பர்ட் சேபினும், ஹாரி ஃபெல்ட்மனும் 1948இல் வெளியிட்ட சாயப் பரிசோதனை. உயிருள்ள ஒட்டுண்ணிகளை நோயாளியின் ரத்த நீரோடு கலந்து, பிறகு மெதிலீன் நீலத்தைச் சேர்த்தால், ஒட்டுண்ணியை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் அந்த ரத்தத்தில் இல்லாதபோது அவை நீலம் ஏற்கின்றன. இருக்கும்போது சிதைந்து, நிறம் ஏற்காமல் நின்றுவிடுகின்றன. எவ்வளவு நேர்த்தியான யோசனை!

ஆயினும் இங்கேதான் வைத்தியரின் விவேகம் சோதிக்கப்படுகிறது. ஒரு முறை தோன்றிய ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள் ஆயுள் முழுவதும் ரத்தத்தில் தங்கிவிடுவதால், அது இருக்கிறது என்ற செய்தி, இந்த நெறிக்கு அதுவே காரணம் என்று நிரூபிப்பதில்லை. பத்தாண்டுகளுக்கு முன் வந்து போன தொற்றின் சுவடாகவும் அது இருக்கலாம். எனவே 'இருக்கிறதா' என்பதைவிட 'எப்போது வந்தது' என்பதே உண்மையான கேள்வி. முதலில் எழும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் சமீபத்திய தொற்றைக் குறிப்பதாகக் கருதப்பட்டாலும், சிலரிடம் அது ஓராண்டுக்கு மேலும் நீடிப்பதால், அந்த ஒரு முடிவை மட்டும் வைத்துத் தீர்ப்புக் கூறுவது தவறு என்பேன். சுமார் மூன்று வாரங்கள் கழித்து மறுபடியும் ரத்தம் எடுத்து, முன்னதையும் பின்னதையும் ஒரே ஆய்வுக்கூடத்தில் ஒருங்கே சோதித்து, எதிர்ப்பொருள் நான்கு மடங்கு ஏறியிருந்தால், தொற்று புதியது என்று துணிவுடன் சொல்லலாம். நெறி கட்டிச் சில வாரங்களான பின்னும் இரண்டு எதிர்ப்பொருள்களும் காணப்படாவிட்டால், காரணத்தை வேறிடத்தில் தேடவேண்டும்.

ரத்தம் தெளிவாகப் பேசாதபோதும், நெறி வளர்ந்துகொண்டே போகும்போதும், உடல் மெலிந்து இரவில் வியர்வை பெருகும்போதும், தாமதிக்காமல் நெறியிலிருந்து திசு எடுத்துப் பயாப்சி செய்வதே முறை. டாக்சோபிளாஸ்மா நெறியில் காணப்படும் விசேஷமான திசு அமைப்பை 1952இல் பிரிங்கர்-குச்சின்கா விவரித்தார். அதன் காரணம் இந்த ஒட்டுண்ணியே என்பது பின்னரே புலனாயிற்று. ஒட்டுண்ணி திசுவில் நேராகத் தென்படுவது அபூர்வம். சுற்றியுள்ள அணுக்களின் அமைப்பைக் கொண்டே அனுமானிக்கவேண்டியிருக்கிறது.

திடகாத்திரமானவர்களுக்கு இந்நோய் சிகிச்சையின்றியே சில வாரங்களிலோ மாதங்களிலோ தணிந்துவிடும். கர்ப்பிணிகளின் நிலை வேறு. கர்ப்பம் தரித்தபின் வந்த தொற்று சிசுவைப் பாதிக்கக்கூடும். அவர்களுக்காகவே, எதிர்ப்பொருள் எவ்வளவு உறுதியாகப் பற்றுகிறது என்று அளக்கும் முறை இன்று பயன்படுகிறது. நாட்பட நாட்படப் பற்று வலுக்கும். முதல் மூன்று மாதங்களுக்குள் எடுத்த ரத்தத்தில் அந்தப் பற்று மிகுந்திருந்தால், தொற்று கர்ப்பத்துக்கு முந்தியது என்று அந்தத் தாய்க்கு வைத்தியர் தைரியம் சொல்ல முடிகிறது.